கதைக்குள் இருப்பவர் சிரித்தால் கதை கெடாது: ஆர்பிஜி விளையாட்டுகளில் நகைச்சுவையும் கனமும்

2006-ஆம் ஆண்டு ஜப்பானில் கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்க வீடியோகேம் கருவிக்காக வெளிவந்த 'மதர் 3' விளையாட்டின் முதல் அத்தியாயத்தில், காணாமற்போன குடும்பத்தைத் தேடி இரவெல்லாம் காட்டில் அலைந்த ஃப்ளிண்ட் என்பவனிடம் ஊர்க் கொல்லனான பிரான்சன் வருகிறான். இரட்டைப் பிள்ளைகள் இருவரும் ஆற்றங்கரையில் உயிரோடு கிடைத்துவிட்டார்கள். மூட்டிய தீயருகே குளிர்காய்கிறார்கள். மனைவி ஹினாவாவைப் பற்றித்தான் இன்னும் தகவல் இல்லை. நல்ல செய்தி ஒன்றும் கெட்ட செய்தி ஒன்றும் இருப்பதாகச் சொல்லித் தொடங்குகிறான் பிரான்சன். டிராகோ என்னும் விலங்கின் பல் ஒன்று கிடைத்திருக்கிறது, ஆயுதமாகப் பயன்படுத்தலாம் என்பது நல்ல செய்தி. கெட்ட செய்தி, அந்தப் பல் கிடைத்த இடம். அது ஹினாவாவின் நெஞ்சில் பாய்ந்திருந்தது.

உலகெங்கும் துணுக்குகளில் புழங்கித் தேய்ந்துபோன ஒரு வேடிக்கை வடிவத்தை அப்படியே எடுத்து, அதன் முடிவில் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு சாவை வைத்திருக்கிறார் அந்த விளையாட்டை எழுதிய ஷிகெசாதோ இதோய். விளம்பர வாசகம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டிருந்த அவருக்கு, ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல் எங்கே விழ வேண்டும் என்பது கைவந்த கலை. ஆனால் இந்தக் காட்சியின் வலு சொல்திறமையில் மட்டும் இல்லை. பிரான்சன் கேலி செய்யவில்லை. கொடுமையான எதுவும் நடந்தே பழக்கமில்லாத ஒரு சின்ன ஊரில், சாவுச் செய்தியை எப்படிச் சொல்வதென்று அறியாத ஒரு முரட்டு நல்லவன், தனக்குத் தெரிந்த ஒரே சொல்முறையைப் பற்றிக்கொள்கிறான். நகைப்பின் உருவம் அவனுடைய கையாலாகாத்தனத்திலிருந்து பிறக்கிறது. அடுத்த நொடியில் ஃப்ளிண்ட் எரியும் கட்டை ஒன்றைப் பிடுங்கி அருகிலிருப்பவர்களைத் தாக்கத் தொடங்குகிறான். அவனை ஒருவர் பின்னாலிருந்து அடித்து வீழ்த்தித்தான் அடக்க வேண்டியிருக்கிறது. இத்தனையும் சில படப்புள்ளிகளால் ஆன பொம்மை உருவங்களைக் கொண்டு நிகழ்கிறது.

(மேலே நடந்ததைப் போலவே இனியும் பல விளையாட்டுகளின் திருப்பங்கள் இக்கட்டுரையில் மறைக்கப்படாமல் பேசப்படும். மறைத்துக்கொண்டு இதைப் பற்றிப் பேச முடியாது.)

ஆர்பிஜி எனப்படும் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளில், அதாவது ஆடுபவர் ஒரு பாத்திரமாகக் கதைக்குள் நடமாடும் விளையாட்டுகளில், நகைச்சுவையையும் கனமான கதையையும் எப்படிச் சமன்செய்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது பெரும்பாலும் அளவு பற்றிய பேச்சாகவே முடிகிறது: நகைச்சுவை கூடிவிட்டது, அல்லது கதை இறுகிப்போய்விட்டது, இரண்டையும் பாதிப்பாதி கலந்திருக்கலாம் என்று. அளவு இதில் இரண்டாம்பட்சம் என்பதே என் கருத்து. சிரிக்கவைப்பது யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கதைக்குள் வாழும் ஒருவர் தம் சொந்தக் காரணத்துக்காக வேடிக்கை பேசினால், எத்தனை வேடிக்கை இருந்தாலும் கதையின் கனம் குறைவதில்லை. கதையை எழுதியவர் தம் உலகத்துக்கு வெளியே வந்து நின்று, "இதெல்லாம் விளையாட்டுதானே" என்று ஆடுபவரைப் பார்த்துக் கண்சிமிட்டினால், ஒரே ஒரு வரிகூட அதுவரை கட்டியதைச் சரித்துவிடும்.

நாவலுக்கும் நாடகத்துக்கும் இல்லாத சில சங்கடங்கள் இந்த வடிவத்துக்கு உண்டு. முதலாவது, நேரம் எழுத்தாளர் கையில் இல்லை. எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி வரும் என்பதை நாவலாசிரியர் முடிவுசெய்கிறார்; ஆர்பிஜியில் உலகம் அழியப்போகிறது என்ற செய்தியைக் கேட்ட கையோடு ஆடுபவர் மீன்பிடிக்கப் போகலாம், சீட்டாடலாம், தொலைந்த பூனையைத் தேடித் தரலாம். இரண்டாவது, ஆடுபவரே ஒரு கோமாளி. நாயகனுக்கு நீச்சலுடையை அணிவித்துவிட்டு இரங்கல் காட்சிக்குள் நுழைபவரையும், எதிரில் இருப்பவர் கண்ணீருடன் பேசிக்கொண்டிருக்கும்போது மேசைமேல் ஏறிக் குதிப்பவரையும் எந்த எழுத்தாளராலும் தடுக்க இயலாது. மூன்றாவது, நீளம். நாற்பது, அறுபது, சில சமயம் நூறு மணி நேரம் ஓடும் ஒரு கதை முழுக்க ஒரே இறுக்கத்தில் இருந்தால் மனம் மரத்துப்போகும். முதல் சாவு உலுக்கும், பத்தாவது சாவு வெறும் தகவலாகிவிடும்.

இந்தக் கலவை வடிவம் கணினிக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. கதை எவ்வளவு வீரதீரமாக இருந்தாலும், பகடை காலை வாரிவிடும்போது மாவீரன் வாசற்படி தடுக்கி விழுகிறான், மேசை முழுக்கச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை யாரும் எழுதிவைக்கவில்லை. விதிமுறையிலிருந்து அது தானாக விளைகிறது. லேரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' உரையாடலின் நடுவே இருபது முகப் பகடையைத் திரையில் உருட்டிக் காட்டுவது அந்த மேசையின் மரபை நேரடியாகத் திரைக்குக் கொண்டுவருவதுதான். தேர்ந்த நாவன்மை கொண்ட பாத்திரமும் 1 விழுந்தால் தோற்றே ஆகவேண்டும். கதை அந்தத் தோல்வியைச் சும்மா சிரித்துவிட்டுக் கடந்துபோகாமல், அதன் விளைவுகளை எண்ணிவைத்துக்கொண்டு தொடர்கிறது என்பதால்தான் வேடிக்கையும் கனமும் அங்கே ஒரே நூலில் கோக்கப்படுகின்றன.

தோல்வியின் நகைச்சுவையை எல்லாரையும்விட ஆழமாகக் கொண்டுபோனது 2019-இல் வந்த 'டிஸ்கோ எலிசியம்'. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறிவாளர், விடுதியறைத் தரையில் உள்ளாடையோடு கண்விழிக்கிறார். மேலே சுழலும் மின்விசிறியில் அவருடைய கழுத்துப்பட்டை தொங்குகிறது. அதை எடுக்கக் கைநீட்டுவதே ஒரு பகடைச் சோதனை; உடல்வலுவைக் குறைவாக வைத்துப் பாத்திரத்தை உருவாக்கியவருக்கு, அந்த முயற்சியிலேயே மாரடைப்பு வந்து ஆட்டம் முடிந்துவிடக்கூடும். கொலை வழக்கின் முதல் அடியைக்கூட எடுத்து வைக்காமல் கழுத்துப்பட்டையால் செத்துப்போவது அபத்தத்தின் உச்சம். அதே நேரத்தில், இந்த உடல் எந்த அளவுக்குச் சீரழிந்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவும் முடியாது. ஆடுபவர் சிரித்துக்கொண்டே ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பை வாசித்துவிடுகிறார்.

அந்த விளையாட்டில் நாயகனின் 24 திறன்களும் அவர் தலைக்குள் தனித்தனிக் குரல்களாகப் பேசுகின்றன. ஒன்று வீறாப்பு பேசும், ஒன்று கவிதை பொழியும், ஒன்று சந்தேகப்படும். பெரும்பாலான வேளைகளில் இவற்றின் ஆலோசனை முட்டாள்தனமாகவே இருக்கும். இந்தக் கூச்சலுக்கு நடுவே எல்லாம் சிதறிப்போகாமல் காப்பது துணை அதிகாரி கிம் கிட்சுராகியின் நிதானம். அவர் நாயகனின் கிறுக்குத்தனங்களை முகம் மாறாமல் பார்த்துவிட்டு, குறிப்பேட்டை எடுத்து, அடுத்து செய்யவேண்டிய வேலையை நினைவூட்டுகிறார். கோமாளிக்கு எதிரே சிரிக்காத ஒருவரை நிறுத்துவது நகைச்சுவை மேடையின் பழைய உத்தி. ஆனால் கிம் அதற்கும் மேலே ஒரு வேலை செய்கிறார்: இந்த உலகத்தில் ஒரு மனிதன் உண்மையாகவே செத்திருக்கிறான் என்பதை அவர் ஒருபோதும் மறப்பதில்லை. அவர் மறக்காததால் ஆடுபவரும் மறப்பதில்லை. கதையின் போக்கில் ஒரு பெண்ணிடம் அவள் கணவன் இறந்துவிட்டான் என்று தெரிவிக்க வேண்டிய கட்டம் வரும்போது, அதுவரை எல்லாவற்றையும் கேலிக்கூத்தாக்கி ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பதிலைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை உண்டாக்கியது அந்த ஒரு காட்சி மட்டுமன்று. கிம் அதுவரை சேர்த்துவைத்த கண்ணியமும்தான்.

இன்னொரு வழி, கனத்துக்கும் கூத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்குவது. ஜப்பானில் 2020 ஜனவரியில் வெளியான 'யாகுஸா: லைக் எ டிராகன்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தான் செய்யாத கொலைக்காக 18 ஆண்டுகள் சிறையிருந்து 2019-இல் வெளியே வரும் இச்சிபான் கசுகா, வரவேற்க ஒருவரும் இல்லாமல் யோகஹாமாவின் குப்பைமேட்டில் வீடற்றவர்களோடு வாழத் தொடங்குகிறான் என்பது முதன்மைக் கதை. கிளைக்கதைகளிலோ எதுவும் நடக்கும். வளர்ப்புப் பிராணியான கிரேஃபிஷ் என்னும் இறால் போன்ற நன்னீர் உயிரி ஒன்றைச் சண்டையில் உதவிக்கு அழைக்கும் அளவுக்கு நடக்கும். இரண்டும் ஒரே தெருக்களில் நிகழ்ந்தும் ஒன்றையொன்று அழிக்காமல் இருப்பதற்குக் காரணம், கசுகா எதையும் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை என்பதே. சிறுவயதில் 'டிராகன் குவெஸ்ட்' என்னும் வீரசாகச ஆர்பிஜியை ஆடி வளர்ந்தவன் அவன். தரையில் குத்திநிற்கும் பேஸ்பால் மட்டையைப் புராண வீரனின் வாளாக நினைத்துப் பிடுங்குகிறான். சண்டை தொடங்கியதும் தெருரவுடிகள் விசித்திர வேடதாரிகளாக மாறுவதெல்லாம் அவன் கற்பனையில். ஆளுக்கொரு முறையாக மாறிமாறிச் சண்டையிடும் விளையாட்டின் இயந்திர அமைப்புக்கே, அதாவது அதன் ஆட்டவிதிகளுக்கே, இது கதைக்குள் ஒரு காரணமாகிவிடுகிறது. நாற்பதைக் கடந்த ஒருவன் இப்படிக் குழந்தையாகவே இருப்பது வேடிக்கையாக இருக்கிறது. முடிவில் தன் தலையிலேயே துப்பாக்கியை வைத்துக்கொண்டிருப்பவனிடம் வாழ்ந்துவிடும்படி அவன் அழுது மன்றாடும்போது, அதே குழந்தைத்தனம்தான் பேசுகிறது. அங்கே அது வேடிக்கையாக இல்லை.

பாத்திரம் ஒன்றின் கோமாளித்தனத்துக்குள் அவருடைய துயரத்தையே ஒளித்துவைக்கும் வழியும் உண்டு. 1999-இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' விளையாட்டில் நாயகன் பிணவறையில் கண்விழித்ததும் அவனை வரவேற்பது மிதந்துவரும் மண்டையோடு ஒன்று. மார்ட் என்னும் அது ஓயாமல் வாயாடும், கண்ணில் படும் பெண் பிணங்களிடம்கூடச் சரசம் பேசும். சண்டையில் அதன் சிறப்புத் திறன் வசைபாடுவது: எதிரிகளுக்கு வெறியேறி, மற்றவர்களை விட்டுவிட்டு அதன்மீது பாய்வார்கள். வெகுநேரம் கழித்து, வாழ்ந்த காலத்தில் தான் சொன்ன பொய்யே நாயகனின் முதல் சாவுக்குக் காரணமாக இருந்திருக்குமோ என்ற குற்றவுணர்வோடுதான் அது அவனைத் தொடர்கிறது என்று தெரியவருகிறது. அதற்குப் பின், எதிரியின் அடியைத் தன்மேல் திருப்பிக்கொள்ளும் அந்த வசைகளை முன்போல் வெறும் வேடிக்கையாகக் கேட்க முடிவதில்லை.

'மாஸ் எஃபெக்ட் 2' (2010) விளையாட்டில் மார்டின் சோலஸ் என்ற அறிவியலாளர், ஆய்வுக்கூடத்தில் பேச்சுக்கொடுத்தால், படபடவென்று ஒரு நகைச்சுவைப் பாட்டைப் பாடிக் காட்டுவார். கதைக்கு அது தேவையே இல்லை. பேசப் போகாதவர்கள் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். ஓர் இனமே பிள்ளைபெற முடியாமல் தவிக்கும் நோயை நிலைநிறுத்தியதில் பங்குகொண்டவர் அவர். 'மாஸ் எஃபெக்ட் 3'-இல் (2012) அந்த நோய்க்கான மருந்தைப் பரப்புவதற்காக இடிந்துகொண்டிருக்கும் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, கருவிகளை இயக்கியவாறே, அதே பாட்டை முணுமுணுக்கிறார். பாட்டு முடியுமுன் வெடிப்பு வருகிறது. யாரையும் அழவைக்கவென்று அவர் பாடவில்லை. பதற்றமான வேலைக்கு நடுவே வாய் தானாக முணுமுணுக்கும் பழக்கம் அது. முந்தைய விளையாட்டில் வேலைவெட்டி இல்லாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போய் அரட்டை அடித்தவர்களுக்கே அந்த நொடி முழுதாகச் சேர்கிறது என்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

இந்த எடுத்துக்காட்டுகளிலெல்லாம் நகைச்சுவை துயரத்துக்கு முன்னால் வந்து பாத்திரத்தின்மீது பற்றை வளர்க்கிறது. 'தி விட்சர் 3' (2015) கேர் மோர்ஹன் கோட்டையில் நாயகன் கெரால்ட்டும் தோழர்களும் குடித்துக் களித்து, மந்திரக்காரி யெனஃபரின் உடைகளை அணிந்துகொண்டு கூத்தடிக்கும் இரவை வைத்துவிட்டு, அதே கோட்டையில் நடக்கும் போரில் அவர்களுக்குத் தந்தையைப் போன்ற வெசிமிரைச் சாகவைக்கிறது. 'ஃபைனல் ஃபேன்டஸி VII' (1997) நாயகனுக்குப் பெண்வேடமிட்டு ஒரு காமுகனின் மாளிகைக்குள் அனுப்பும் நீண்ட கேலிக்கூத்தை முடித்த கையோடு, ஒரு குடியிருப்புப் பகுதியையே நசுக்கிக் கொல்கிறது. தமிழ் இலக்கணம் எண்வகை மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்திருப்பது இந்த வரிசையை மனத்தில் கொண்டுதானோ என்று வேடிக்கையாகத் தோன்றும்.

அழுகைக்குப் பிறகு நகைக்குத் திரும்புவதுதான் உண்மையான சிக்கல். அதே 'ஃபைனல் ஃபேன்டஸி VII'-இல் நாயகனின் தோழி ஏரித் கொல்லப்படும் காட்சி மிகக் கவனமாக அமைக்கப்பட்டது. அவளுக்குரிய இசை, அடுத்து ஒரு பெரிய எதிரியோடு வரும் சண்டை தொடங்கிய பின்னும் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், வழக்கமான சண்டை இசைக்கு இடமே இல்லை. ஆனால் அதிலிருந்து அதிக நேரம் கழிவதற்குள், பனிமலைக் கிராமம் ஒன்றிலிருந்து நாயகன் பனிச்சறுக்குப் பலகையில் வளைந்து வளைந்து இறங்கும் சிறுவிளையாட்டை ஆடவேண்டி வருகிறது. துயரத்தின் கனத்தை இசை சுமந்தது. பனிச்சறுக்கில் அதைச் சுமக்க எதுவும் இல்லை. அந்தச் சறுக்கலில் யாரும் நகைச்சுவை பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கதையை மறந்துவிட்ட ஓர் இயந்திர அமைப்பே போதும், ஒரு மோசமான நகைச்சுவை செய்யும் கேட்டைச் செய்துவிட.

இயந்திர அமைப்பே நகைச்சுவையையும் துயரத்தையும் சேர்த்துச் சுமக்கும்படி செய்த விளையாட்டு, டோபி ஃபாக்ஸ் உருவாக்கி 2015-இல் வெளியிட்ட 'அண்டர்டேல்'. இதில் எந்த எதிரியையும் கொல்லாமல் விட்டுவிடலாம்; பேசியும் கொஞ்சியும் கிண்டலடித்தும் சண்டையை முடிக்கலாம். அப்படி ஆடுபவருக்கு இது மிகச் சிரிப்பான விளையாட்டு. எலும்புக்கூட்டு அண்ணன் தம்பிகளான சான்ஸும் பபைரஸும் அதன் நடுநாயகங்கள்: அண்ணன் சோம்பேறி, சிலேடை அடிப்பவன், தம்பி தன்னை மாவீரனாக நினைத்துக்கொண்டு, ஒன்றும் உருப்படாத புதிர்களை வழியெங்கும் வைத்து, தான் சமைத்த ஸ்பகெட்டியால் ஆட்களைப் பிடிக்கப் பார்ப்பவன்.

எல்லாரையும் கொன்றுகொண்டே போகும் வழியும் திறந்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் விளையாட்டு கண்டிக்காது, உபதேசிக்காது; நகைச்சுவையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்விடும். ஊர் காலியாகிறது. கடைக்காரர்கள் ஓடிவிட்டார்கள். பபைரஸின் புதிர்களை ஆடுபவர் கண்டுகொள்வதேயில்லை. அவை வேடிக்கையாக இருப்பதற்கு எதிரில் ஒருவர் ஈடுகொடுத்து ஆட வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் புரிகிறது. கடைசியில் பபைரஸ் சண்டையிடாமல் கைகளை விரித்து, நீ நல்லவனாக மாற முடியும் என்று நம்பிக்கையோடு நிற்கிறான். ஒரே அடியில் சாகிறான். சாகும்போதும் அதையேதான் சொல்கிறான். அவன் முதலிலிருந்து சொல்லிவந்த அதே வெகுளிப் பேச்சு அது, மாறியது கேட்பவர்தான்.

அந்த வழியின் இறுதியில் சான்ஸ் எதிர்ப்படுகிறான். முறைவைத்து அடிக்கும் விதியை மதிக்காமல், ஆடுபவரின் முறை வருவதற்கு முன்பே தாக்குகிறான். தன்மீது வரும் ஒவ்வோர் அடியையும் விலகித் தப்புகிறான். மிகக் கடினமான சண்டை. எல்லாம் ஓய்ந்ததும் தன் சிறப்புத் தாக்குதலை அறிவிக்கிறான்: அது ஒன்றுமே இல்லை. நிஜமாகவே ஒன்றுமில்லை. தன் முறையை முடிக்காமல் சும்மா நிற்பான். அவன் முறை முடியாதவரை ஆடுபவருக்கு முறை வராது. சலித்துப்போய் ஆட்டத்தை விட்டுவிட்டுப் போ என்கிறான். சோம்பேறி ஒருவனின் கடைசி ஆயுதம் சோம்பல் என்பது அந்த விளையாட்டிலேயே மிக நுட்பமான நகைச்சுவை. தம்பியையும் ஊரையும் இழந்தவனிடம் மிச்சமிருப்பது அது மட்டும்தான் என்பதால் மிகத் துயரமான இடமும் அதுவே. இரண்டையும் பிரித்து இது இத்தனை பங்கு, அது இத்தனை பங்கு என்று அளக்க அங்கே வழியில்லை.

வில்லனிடமும் இது வேலைசெய்யும். 'ஃபைனல் ஃபேன்டஸி VI' (1994) விளையாட்டின் கெஃப்கா கோமாளி வேடத்தில் வருபவன். பாலைவனத்தில் நடந்து வந்தவன், காலணியில் ஒட்டிய மணலைத் துடைக்கச் சொல்லித் தன் சிப்பாய்களை அதட்டும்போது சிரிப்பாகவே இருக்கிறான். பின்னர் ஓர் அரண்மனையின் நீரில் நஞ்சைக் கலக்கிறான், கதையின் பாதியில் உலகையே சிதைத்துவிடுகிறான். அவனுடைய கெக்கலிப்பு ஒரே ஒலிப்பதிவுதான். தொடக்கத்தில் கேட்டதும் இறுதியில் கேட்பதும் அதுவே. அவனிடம் சேர்ந்த அதிகாரம் அதன் பொருளை மாற்றிவிடுகிறது.

இனித் தவறிய இடங்கள். 2016-இல் ஜப்பானில் வெளியான 'பெர்சோனா 5', மாணவிகளிடம் அத்துமீறும் கமோஷிடா என்ற ஆசிரியரைத் தண்டிப்பதிலிருந்து கதையைத் தொடங்குகிறது. ஆன் தகமாகி அவனால் நெருக்குதலுக்கு ஆளானவள். அவளுடைய தோழி உயிரை மாய்த்துக்கொள்ளப் பள்ளியின் மேல்தளத்திலிருந்து குதிக்கிறாள். இத்தனை தீவிரமாக இதைச் சொன்ன விளையாட்டு, அடுத்த பெரும் பகுதியிலேயே, ஓர் ஓவியனின் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக அதே ஆனை நிர்வாணமாக நிற்கும்படி அவளுடைய நண்பர்களே வற்புறுத்துவதை வேடிக்கைக் காட்சியாக வைக்கிறது. கூச்சமான நகைச்சுவை என்பதோடு இது நிற்கவில்லை. முதல் பகுதியில் இந்தப் பாத்திரங்கள் கற்றுக்கொண்டதாகச் சொன்ன எல்லாவற்றையும் இரண்டாம் பகுதியில் அவர்கள் மறந்துவிட வேண்டியிருக்கிறது. சிரிப்பு அவர்களுடையதாக இல்லாமல், அவர்களை ஆட்டிவைத்து எழுதியவருடையதாகிவிடுகிறது.

'ஃபால்அவுட் 2' (1998) வேறு வகையில் விமர்சிக்கப்பட்டது. அணுப்போருக்குப் பிந்தைய பாழ்நிலத்தில், வெளியுலகத் திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் சுட்டும் பகடிகள் அளவுக்கு மீறித் தூவப்பட்டிருந்தன. அந்தப் பகடிகளைப் புரிந்துகொள்ளக்கூடியவர் அந்த உலகில் ஒருவரும் இல்லை, திரைக்கு முன்னால் இருப்பவரைத் தவிர. 2010-இல் அப்சிடியன் நிறுவனம் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' உருவாக்கியபோது இதற்கு ஒரு சுவையான தீர்வைக் கண்டது. பாத்திரத்தை உருவாக்கும் கட்டத்தில் 'வைல்டு வேஸ்ட்லேண்ட்' என்ற தன்மையைத் தேர்ந்தெடுத்தால்தான் இத்தகைய கிறுக்குத்தனங்கள் தலைகாட்டும்; ஓரிடத்தில் கூலிப்படையினருக்குப் பதிலாக வேற்றுக்கிரகவாசிகளே வந்து நிற்பார்கள். தேர்ந்தெடுக்காதவருக்கு உலகம் இறுக்கமாகவே இருக்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். என்றாலும், ஒரு சுவிட்சைப் போட்டு அணைத்துவிடக்கூடிய நகைச்சுவை கதையின் பகுதியாக இருக்க இயலாது என்பதை அந்தத் தன்மையே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அந்த விளையாட்டின் உண்மையான நகைச்சுவை சுவிட்சுக்கு வெளியே, தங்கள் அபத்தத்தை அறியாமல் ரோமானிய வேடமிட்டுத் திரியும் அடிமைவணிகர்களிடத்திலும் அவர்களைப் போன்றவர்களிடத்திலும் இருக்கிறது.

அண்மைக் காலத்தில் நான் அதிகம் எரிச்சலடைவது, ஒவ்வொரு தீவிரமான நிகழ்வுக்குப் பின்னும் ஒரு பாத்திரம் உடனடியாக ஏதாவது கிண்டலாகச் சொல்லியாக வேண்டும் என்ற எழுத்துவழக்கத்தால். இதில் மேலே சொன்ன பிழைகளின் துணிச்சல்கூட இல்லை. உணர்ச்சியை நேராகக் காட்டினால் கேலிசெய்வார்களோ என்ற பயம்தான் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை என்றும் சொல்ல முடியாது. 'ஃபைனல் ஃபேன்டஸி X' (2001) விளையாட்டில் நாயகன் டைடஸ் "ஹா ஹா ஹா" என்று செயற்கையாகக் கத்திச் சிரிக்கும் காட்சி, இணையத்தில் துண்டாக வெட்டி எடுக்கப்பட்டு மோசமான குரல்நடிப்புக்கு எடுத்துக்காட்டாகப் பல ஆண்டுகள் சுற்றிவந்தது. முழுக்காட்சியைப் பார்த்தால் கதை வேறு. தன் தந்தையே உலகை அழிக்கும் அரக்கனாக மாறியிருப்பதை டைடஸ் அப்போதுதான் அறிந்திருக்கிறான். வருத்தமாக இருக்கும்போதும் சிரித்துப் பழக வேண்டும் என்கிறாள் அவனோடு பயணிக்கும் யூனா. அவன் வலிந்து, கோணலாக, காதுக்குப் பொறுக்காமல் சிரிக்கிறான், அவளும் சேர்ந்துகொள்கிறாள், அந்தக் கேவலமான சிரிப்பைக் கேட்டு இருவருக்கும் உண்மையாகவே சிரிப்பு வந்துவிடுகிறது. தன் பயணம் சிரிப்பு நிறைந்ததாக இருக்கவேண்டும் என்று அவள் சொல்வதன் பொருள், பயணத்தின் முடிவில் அவள் சாகவேண்டும் என்பது டைடஸுக்குத் தெரியவரும்போதுதான் விளங்குகிறது. அவளோ அதைத் தெரிந்துகொண்டேதான் சிரித்தாள். காட்சிக்குள்ளேயே அபத்தமாக இருக்கவேண்டும் என்று எழுதப்பட்ட சிரிப்பை, அபத்தமாக இருக்கிறதென்று வெளியே நின்றவர்கள் சிரித்ததுதான் நடந்தது.

'மாஸ் எஃபெக்ட் 3'-க்கு ஓராண்டுக்குப் பின் 2013 மார்ச்சில் வந்த 'சிட்டடல்' என்ற கூடுதல் பகுதியும் இதே துணிச்சலைக் காட்டியது. கதைப்படி அது இறுதிப் போருக்கு முன் நிகழ்வது. ஆனால் முடிவை ஏற்கெனவே ஆடிமுடித்துவிட்டவர்களுக்காகவே எழுதப்பட்டது. நாயகன் ஷெப்பர்டின் போலி உருவம் ஒன்று வந்து தொல்லைகொடுக்கிறது, உரையாடல்களை முடிக்க ஷெப்பர்ட் வழக்கமாகச் சொல்லும் சொற்றொடரையே அது திருப்பிச் சொல்ல, தான் அப்படியா பேசுகிறேன் என்று ஷெப்பர்டே திகைக்கிறார். மூன்று விளையாட்டுகளாகப் பின்தொடர்ந்தவர்களுக்கான கேலி இது. ஆனால் அந்தக் கேலியைக் கதைக்குள் இருப்பவர்களும் புரிந்துகொண்டு சிரிக்கிறார்கள். தோழர்கள் எல்லாரும் கூடிக் குடித்துக் கூத்தடிக்கும் விருந்து ஷெப்பர்டின் புதிய வீட்டில் நடக்கிறது. போரில் இறந்த தேன் என்ற தோழனுக்கு, விரும்பினால், ஒரு நினைவேந்தலையும் அதே வீட்டில் நடத்தலாம். அதற்கு அழைப்பதும் அழைக்காமல் விடுவதும் ஆடுபவர் விருப்பம்.